நல்லதே நினைத்தால் நல்லதே நடக்காது

தமிழ்நாட்டில் எதிர்க்கட்சியே இல்லாத கொள்கை ஒன்று உண்டென்றால் அது பாசிட்டிவ் திங்கிங்தான். சாதி, மதம், சினிமா எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட இதில் ஒத்துப்போகிறார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் பள்ளிக்கூடம் அழைத்துவரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் இதைச் சொல்கிறார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் மாமாவும் சித்தப்பாவும் இதைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விடிந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தால் சூரியோதயப் படத்தின் மேல் இதுவே எழுதியிருக்கிறது. நல்லதே நினை, நல்லதே நடக்கும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல். இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும். அப்புறம் உன்னை யாராலும் பிடிக்க முடியாது.

சிரித்த முகத்தோடு இருப்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறவர்களிடமும் இல்லை. என் சண்டை இந்தக் கொள்கையின் இரண்டு வாதங்களோடு. நல்லதையே நினைக்கும் பழக்கம் ஒருவரை முன்னேற்றும் என்பது முதல் வாதம். அதை எல்லாரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். முன்னேறாதவர் ஒழுங்காக நினைக்கவில்லை என்பது இரண்டாவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் முதல் வாதத்தை ஒப்புக்கொண்டவர் இரண்டாவதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். முதலாவது தவறு. இரண்டாவது கொடுமை.

அந்த இருபத்தொரு நாள் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று அவர் கவனித்து 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்கும் விழுந்துவிட்டது. மிஞ்சியது இருபத்தொன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து உண்மையிலேயே அளந்து பார்த்தபோது, ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அவர்கள் அளந்ததும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்ற கைகால் சம்பந்தப்பட்ட வேலைகளை. எண்ணத்தை அளக்கவில்லை. இருபத்தொரு நாளில் ஆள் மாறவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் பையனுக்கு இந்தச் செய்தி மட்டும் போய்ச் சேருவதில்லை.

கொள்கையின் பூர்வீகமும் சுவையானதுதான். மருந்துக்கடை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் எமில் கூவே, நான் நாளுக்கு நாள் தேறிவருகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் தூங்குமுன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1920களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை முணுமுணுத்தன. 1937இல், அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், வேலையில்லாதவர்கள் நிறைந்திருந்த காலத்தில், நினைத்தாலே பணக்காரர் ஆகலாம் என்று நெப்போலியன் ஹில் எழுதினார். 1952இல் நியூயார்க் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அவருடைய தேவாலயத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்களில் ஒருவர் டொனால்ட் டிரம்ப். டிரம்பின் முதல் திருமணத்தை நடத்திவைத்ததும் பீல்தான். 2006இல் ரோண்டா பைர்ன், நீங்கள் நினைப்பதைப் பிரபஞ்சம் அனுப்பிவைக்கும் என்று எழுதிக் கோடிக்கணக்கில் புத்தகம் விற்றார்.

இது நம் ஊரில் இவ்வளவு சுலபமாக வேர்பிடித்ததற்குக் காரணம், நிலம் ஏற்கெனவே தயாராக இருந்ததுதான். அபசகுனமாகப் பேசாதே, வாயைக் கழுவு, விளக்கு வைக்கிற நேரத்தில் நல்ல வார்த்தை பேசு என்று வளர்ந்தவர்கள் நாம். கெட்டதைச் சொன்னால் கெட்டது நடந்துவிடும் என்ற பாட்டி காலத்து பயத்துக்கு கோட் சூட் மாட்டி, கையில் மைக்கைக் கொடுத்து மேடையேற்றினார்கள். பாட்டி இலவசமாகச் சொன்னாள். அவளிடம் இன்னொன்றும் இருந்தது. வாயில் நல்ல வார்த்தை பேசிக்கொண்டே அரிசிப் பானையில் பிடி அரிசியை ஒதுக்கிவைப்பாள், அஞ்சறைப் பெட்டியில் காசைப் பதுக்கிவைப்பாள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு அவள் கையை விட்டு ஒருநாளும் போனதில்லை.

தமிழில் இந்த வகை எழுத்தின் முன்னோடி எம்.எஸ். உதயமூர்த்தி. அவரை இந்தக் கூட்டத்தோடு சேர்த்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ‘எண்ணங்கள்’ ஒரு தலைமுறையின் கையில் இருந்த புத்தகம். அதில் நான் ஏற்காத பக்கங்கள் உண்டு. ஆனால் எண்ணத்தோடு நின்றுவிடாமல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கி ஊர் ஊராக அலைந்தவர் அவர். 1988இல் கே. பாலசந்தர் எடுத்த ‘உன்னால் முடியும் தம்பி’ அவருடைய புத்தகத்தின் பெயரைத் தாங்கி வந்தது. படத்தின் நாயகனுக்கும் அவர் பெயர்தான். அந்த நாயகன் கண்ணாடி முன் நின்று தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்வதில்லை. ஊரின் குடிப்பழக்கத்தோடு மோதுகிறான். அவருக்குப் பின் வந்தவர்கள் ஊரை விட்டுவிட்டு எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி முதல் வாதம். நல்லது நடப்பதாக மனக்கண்ணில் பார், அது உன்னை உந்தும் என்கிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்ப்பதிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டவர். 1991இல் வெளியான அவருடைய ஆய்வில், உடல் எடையைக் குறைக்கும் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்த 25 பெண்களிடம், பயிற்சிக்குப் பின் நீங்கள் எப்படி இருப்பதாகக் கற்பனை செய்கிறீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார். மெலிந்து, ஊரே திரும்பிப் பார்க்க நடந்துபோவதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே எடை இழந்தார்கள். ஜெர்மனியில் படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோதும் இதே கதை. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு.

காரணம் புரியாததல்ல. 2011இல் அவரும் ஹெதர் காப்பஸும் வெளியிட்ட சோதனைகளில், இனிய கற்பனையில் மூழ்கியவர்களின் ரத்த அழுத்தம் இறங்கியது. உடம்பு தளர்ந்து ஓய்வுக்குப் போய்விடுகிறது. கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பார்த்த மனசு, கிடைத்துவிட்டது என்றே கணக்கை முடித்துக்கொள்கிறது. அப்புறம் எதற்கு எழுந்து ஓட வேண்டும்? பரீட்சைக்கு முந்தைய வாரம் கையில் ஸ்டெதஸ்கோப்போடு தன்னைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளை இயற்பியலில் தனக்கு வராத பாடத்தைப் பார்த்திருக்கலாம்.

கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்ந்துகொள்வதன் கதை இதைவிட மோசம். கனடாவில் ஜோஆன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான் அன்புக்குரியவன் என்ற பொருளுள்ள வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு மனம் கொஞ்சம் லேசானது. தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கு, அதாவது இந்த வைத்தியம் யாருக்காக என்று சொல்லப்படுகிறதோ அவர்களுக்கு, அது இன்னும் பாரமானது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளேயிருந்து ஒரு குரல் ‘பொய்’ என்கிறது. அந்தக் குரலோடு மல்லுக்கு நின்றே ஆள் களைத்துப்போகிறான். நோயில்லாதவனைத் தேற்றி, நோயாளியைப் படுக்கையில் தள்ளும் லேகியம் இது.

விஞ்ஞானத்தின் பெயரால் வந்த இன்னொரு எண்ணையும் சொல்லிவிட வேண்டும், வேடிக்கைக்காகவாவது. 2005இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், மார்சியல் லொசாடா என்ற இருவர், ஒரு கெட்ட உணர்ச்சிக்கு 2.9013 நல்ல உணர்ச்சி இருந்தால் மனிதர் செழிப்பார் என்று கட்டுரை எழுதினார்கள். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம்! உலகெங்கும் மேலாளர் பயிற்சிகளில் இந்த விகிதம் ஓதப்பட்டது. 2013இல் நிக் பிரவுன், ஆலன் சோகால், ஹாரிஸ் ஃபிரீட்மன் மூவரும் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். திரவ ஓட்டத்துக்கான சமன்பாட்டை மனித மனத்துக்குக் காரணமே இல்லாமல் பொருத்தியிருந்தது வெளிப்பட்டது. அந்தக் கணிதப் பகுதியை ஆய்விதழ் திரும்பப் பெற்றது. பயிற்சி வகுப்புகள் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒவ்வொரு மேடைப் பேச்சாளரும் அப்துல் கலாமை அழைத்துவருவார். நானும் அவரையே அழைக்கிறேன். கனவு காணச் சொன்னவர்தான் கலாம், மறுக்கவில்லை. ஆனால் மேடைகளில் வரும் கலாம் கனவுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் எதுவுமே செய்யாதவர்போல் இருக்கிறார். நடந்தது என்ன? 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 முதன்முதலாகப் புறப்படத் தயார். திட்ட இயக்குநர் கலாம். கடைசி நிமிடங்களில் கணினி புறப்பாட்டை நிறுத்திவைக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. கூட இருந்த நிபுணர்கள், போதிய அளவு இருப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார்கள். கலாம் கணினியின் தடையைத் தாண்டி ஏவச் சொல்கிறார். முதல் கட்டம் ஒழுங்காகப் போகிறது. இரண்டாம் கட்டம் தாறுமாறாகிறது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுகிறது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் கடலில்.

இதைச் சொன்னவர் கலாமே. பல மேடைகளில், எதையும் மறைக்காமல் சொன்னார். நம் பேச்சாளர்கள் இந்தக் கதையில் எடுத்துக்கொள்வது, அன்று பத்திரிகையாளர்கள் முன் தவறைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானின் பெருந்தன்மையை. எடுக்க வேண்டியதுதான். ஆனால் கணினி சொன்னதை என்ன செய்வது? அந்த அறையில் அன்று ‘நெகட்டிவாக’ப் பேசியது ஒரே ஒரு இயந்திரம். அது சொன்னது சரி. நம்பிக்கையோடு பேசிய மனிதர்கள் சொன்னது தவறு. அடுத்த ஓராண்டு அந்தக் குழு செய்தது கோளாறு எங்கே என்று தேடிப் பிடிக்கும் வேலையை. 1980 ஜூலை 18 அன்று எஸ்எல்வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முதல் முறையும் இரண்டாம் முறையும் கனவு ஒன்றேதான். இடையில் மாறியது கசிவைப் பற்றிய அறிவு.

நாற்பது ஆண்டு கழித்து இதே பாடம் நிலவில் எழுதப்பட்டது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதறியது. இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, அவற்றைத் திருத்த வேகமாகத் திரும்ப மென்பொருள் இடம் தரவில்லை, இறங்குவதற்கு ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். இந்தக் காரணங்களைப் பின்னாளில் வெளிப்படையாக விளக்கியவர் இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். சந்திரயான்-2 வெற்றியை வைத்து வடிவமைக்கப்பட்டது, சந்திரயான்-3 தோல்வியை வைத்து வடிவமைக்கப்பட்டது என்றார் அவர். எது எது கெட்டுப்போகும்? உணர்கருவி கெட்டால்? இயந்திரம் நின்றுபோனால்? கணக்கு பிசகினால்? ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் வழிசெய்தார்கள். இறங்கும் இடத்தை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டராக விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். கால்களை உறுதியாக்கினார்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல். ரயில்வே ஊழியரின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர் என்று அவரைப் பற்றி உடனே தன்னம்பிக்கைப் பேச்சுகள் பெருகின. பெருகட்டும். ஆனால் அவரும் அவருடைய குழுவும் நான்கு ஆண்டு எதைப் பழகினார்கள் என்பதை அந்தப் பேச்சுகளில் தேடிப் பாருங்கள். கெட்டதை நினைப்பதையே தொழிலாகப் பழகினார்கள். அதுவும் ஒரு சிந்தனைப் பழக்கம்தான். நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தராத பழக்கம்.

வள்ளுவர் வேறென்ன சொன்னார்? உயர்வாக நினைக்கச் சொல்லும் குறள் ஒன்றை எல்லாப் பேச்சாளர்களும் வைத்திருக்கிறார்கள். அது ஊக்கமுடைமையில், 60ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்தக் குறளின் இரண்டாவது அடியிலேயே அது கைகூடாமல் போகலாம் என்ற செய்தி இருக்கிறது. அங்கே குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். அந்த அதிகாரத்துக்கு வந்துசேரும் முன் வள்ளுவர் நம்மைத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரம் நடத்திக் கூட்டிப்போகிறார். செலவென்ன, வரவென்ன, உன் பலமென்ன, எதிரியின் பலமென்ன, இது நேரமா, இது இடமா என்று நாற்பது குறளில் குடைந்து குடைந்து கேட்கிறார். மயிலிறகுதானே என்று மேலும் மேலும் ஏற்றினால் வண்டி அச்சு முறிந்துபோகும் என்று எச்சரிக்கிறார். இன்றைக்கு அவர் ஒரு பயிற்சி வகுப்பில் இப்படிப் பேசியிருந்தால், ‘சார் கொஞ்சம் நெகட்டிவ்’ என்று பின்வரிசையில் உட்காரவைத்திருப்பார்கள்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. நெகட்டிவ் ஆட்களைவிட்டு விலகியிரு என்ற உபதேசம். எதிர்த்துக் கேள்வி கேட்கும் மனைவி, கணக்குக் கேட்கும் அண்ணன், ‘இது சரிப்படாதுப்பா’ என்று சொல்லும் அப்பா, எல்லாரையும் முன்னேற்றத்தின் தடைகளாக்கும் உபதேசம் இது. சங்கிலித்தொடர் வியாபாரக் கூட்டங்களில் இதைத்தான் முதல் நாளே சொல்லித்தருகிறார்கள். திருமண மண்டபத்தில் ஏசி போட்டு, கைதட்டி, பாட்டுப் போட்டு, உறவினர்கள் சந்தேகப்படுவார்கள், காதில் வாங்காதே என்கிறார்கள். மாதம் பத்து சதவீதம் வட்டி தருகிறேன் என்று சீட்டு நடத்துகிறவனுக்கும் இதே உபதேசம் கை கொடுக்கிறது. சந்தேகம் என்பது மனிதனுக்கு இயற்கை கொடுத்த காவல். அதைப் பாவமாக்கிய பிறகு பணத்தை எடுப்பதில் சிரமமே இல்லை. தவறு செய்யும்போது கடிந்து சொல்ல ஆளில்லாத அரசனுக்கு அழிவுவர வெளியிலிருந்து பகைவன் தேவையில்லை என்பதும் வள்ளுவர் கருத்துதான்.

இப்போது இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். புற்றுநோய் வந்தவரிடம் ‘தைரியமா இருங்க, பாசிட்டிவா இருங்க, மனசுதான் மருந்து’ என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மனசுதான் மருந்து என்றால், நோய் முற்றுபவருக்கு மனசு சரியில்லை என்றாகிறது. சாகும்போதும் ஒரு குற்றச்சாட்டைச் சுமந்து சாக வேண்டும். உண்மை வேறு. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பின்தொடர்ந்து ஜேம்ஸ் காயினும் மற்றவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனநலனுக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு இல்லை. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் குழுவாகக் கூடிப் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. வருத்தமும் வலியும் குறைந்தன. அது சின்ன விஷயமில்லை. அழுது, பயந்து, கோபப்பட்டுப் பேச இடம் கிடைத்ததால் வந்த நிம்மதி அது. சிரிக்கச் சொன்னதால் வந்ததல்ல.

உயிரைக் காப்பது எது என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வாழ்நாளைக் கழித்த டாக்டர் சாந்தா, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கட்டியைத் தொட்டுணர்ந்த அன்றே கெட்டதை நினைக்க வேண்டும். ‘ஒண்ணும் இருக்காது, ஏன் நெகட்டிவா நினைக்கிறே’ என்று வீட்டார் சொல்லும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குக் கொடுக்கும் அவகாசம்.

வறுமைக்கும் இதையே சொல்கிறார்கள். ஏழை ஏழையாக இருப்பது அவன் சிந்தனையால் என்று ஒரு வியாக்கியானம். இதற்கு நேர்எதிரான சான்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காடுகளிலிருந்து வந்தது. செந்தில் முல்லைநாதனும் உடன் ஆய்வாளர்களும் 464 சிறு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆலைப் பணம் வருவதற்கு முன், நகை அடகில் இருக்கும் நாட்களில், அறிவுத் தேர்வில் தடுமாறிய அதே மனிதர் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, பையில் இருந்தது மாறியது. இந்த ஆய்வின் புள்ளியியலைப் பற்றி விவாதங்கள் உண்டு. ஆனால் வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது மூளை வேலை செய்யாது என்பதை அறிய எந்த விவசாயிக்கும் ‘சயின்ஸ்’ இதழ் தேவையில்லை. சிந்தனை கெட்டதால் வறுமை வருகிறது என்கிறீர்கள். வறுமை வந்து சிந்தனையை மறிக்கிறது. ஆலை பாக்கியைக் கேட்டுப் போராடும் விவசாயியிடம் மனோபாவத்தைப் பற்றிப் பேசுகிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்று சொல்லவும் வேண்டுமா?

‘அப்படியென்றால் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்கிறாயா?’ என்று கேட்பார்கள். இல்லை. அவநம்பிக்கைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என்னால் எதுவுமே ஆகாது என்ற எண்ணமும் ஆதாரம் பார்க்காத எண்ணம்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தி உறவு. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு 1960களிலிருந்து ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையைப் பலர் பாசிட்டிவ் திங்கிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முறையில் நல்லதை நினை என்று யாரும் சொல்வதில்லை. ‘எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால், யார் யார், எப்போது, என்ன செய்தார்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எண்ணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள். இனிய எண்ணமும் அதே கூண்டில் ஏறத்தான் வேண்டும். மனச்சோர்வு நோயாக முற்றியிருந்தால் வாட்ஸ்அப் வாசகம் உதவாது. மருத்துவர் உதவுவார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முன்பு சொன்ன ஓட்டிங்கனின் ஆய்விலேயே இன்னொரு பாதி இருக்கிறது. இனிய கற்பனை எடையைக் குறைக்க உதவவில்லை. ஆனால் ‘என்னால் முடியும் என்றுதான் கணிக்கிறேன்’ என்று சொன்ன பெண்கள் அதிகமாகவே எடை குறைத்தார்கள். கணிப்பு வேறு, கற்பனை வேறு. முன்பு ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்திலிருந்து வருவது கணிப்பு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து விடை வந்த பிள்ளைக்கு அடுத்த கணக்கின்மேல் வரும் தைரியம் அது. மேடையில் கைதட்டவைத்து அதைக் கொடுக்க முடியாது. ஜூலி நோரம் என்ற உளவியலாளர் இன்னொரு வகை ஆட்களைக் கவனித்திருக்கிறார். எதைத் தொடங்கினாலும் என்னவெல்லாம் சொதப்பும் என்று வரிசையாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர்கள் இறங்குவார்கள், நன்றாகவும் செய்வார்கள். அவர்களை உற்சாகப்படுத்தி, நல்லதையே நினைக்கவைத்தால் மோசமாகச் செய்கிறார்கள். நம் வீடுகளில் கல்யாண வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளும் சித்தி இந்த ரகம். சமையல்காரர் வராவிட்டால், மழை வந்தால், பந்திக்கு ஐம்பது பேர் கூடிவிட்டால் என்று புலம்பிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருப்பாள். கல்யாணம் நன்றாக நடந்ததற்கு அவள் புலம்பலே காரணம். அன்று மாலை ஆல்பத்துக்குச் சிரித்து நின்றவர்கள் யாரும் அதற்குக் காரணமில்லை.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வுக்கு முன் பேச்சாளருக்கு ஒதுக்கும் பணமும் அரைநாள் நேரமும் கையில் இருக்கும்போது, அந்த அரைநாளைப் பாட ஆசிரியர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனக்கு எது வரவில்லை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கேலியும் திட்டும் இல்லாமல் அதை வாங்கிப் படியுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பணத்தில் வாரம் ஒருநாள் ஒரு மனநல ஆலோசகர் வந்துபோக முடியுமா என்று பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் அடுத்து என்ன படிக்கலாம், எங்கே சேரலாம், துணைத்தேர்வு எப்போது என்பதைத் தேர்வுக்கு முன்பே, பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அபசகுனம் என்று யாராவது தடுத்தால், அந்த அரைநாளுக்கு மட்டும் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.